வெள்ளம் கொண்டுவந்த முன்னோர்

ஆற்றோர வீட்டு மாடியை வாடகைக்குப் பார்க்கப் போயிருந்தேன். நூற்றிருபது வருடப் பழசு என்று வீட்டுக்காரர் சபாநாயகம் பீற்றிக்கொண்டார். ஆற்றுப் பக்கத்து ஜன்னல்களையெல்லாம் நாற்றம் தாங்காமல் ஆணி அடித்து மூடியிருந்தார். கூடத்துச் சுவரில் வெள்ளம் நின்ற கறையை மறைக்க வரிசையாகப் படங்கள்.

“எல்லாம் எங்க முன்னோர். இவர் எங்க பெரிய தாத்தா, ஜட்ஜா இருந்தவர். போட்டிருக்கிற கோட்டைப் பாருங்க!”

அது ஸ்டூடியோக்காரன் இரவல் கொடுத்த கோட்டு. எட்டு வருடத்துக்கு முன் எதிர்க்கரையில் எங்கள் குடிசையிலிருந்து இந்தப் படத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

“இங்க குடியிருக்கக் கொடுத்து வச்சிருக்கணும் தம்பி. நீங்க எப்படிப்பட்ட குடும்பம்னு தெரியணும்ல?”

“இவரோட குடும்பம்தான்” என்று அப்பாவை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டேன். அவர் இருந்த இடத்தில் கறை பல்லிளித்தது.