குட்டைச் சோளத்துக்கு ஒரு சாட்சி

"ஒரே ஒரு விவசாயி போதும், வொண்டிமு. உங்க சோளத்தை நம்பற ஒருத்தரைக் காட்டுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்றார் வக்கீல் டோரீன்.

வொண்டிமு தலையில் கை வைத்துக்கொண்டார். எத்தியோப்பியாவிலிருந்து வந்து, அமெரிக்காவின் மேற்குக் கான்சாஸில் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பண்ணையில், மழை பொய்த்தாலும் விளையும் குட்டைச் சோளத்தை ஏழு வருடமாக உருவாக்கி வருபவர் அவர்.

"பல்கலைக்கழகம் இன்னும் விதையை வெளியிடவே இல்லையே. ஒரு மணியை நான் வெளியே கொடுத்தாலும் என் வேலை போயிடும்."

"உங்க சோளம் இந்த நாட்டுக்கு அவசியம்னு நிரூபிச்சாத்தான் கிரீன் கார்டு. ஒன்பது பேராசிரியர்கள் புகழ்ந்து எழுதினதையும் படிச்சுட்டுத்தான் குடியேற்ற அதிகாரி கேக்கறார், 'இவ்வளவு பெரிய மேதையோட சோளம் எந்த விவசாயிக்கு வேணும்?'னு."

அந்த ஒன்பது கடிதங்களையும் எழுதியது வொண்டிமுவேதான். கையெழுத்து மட்டும் பேராசிரியர்களுடையது. கூச்சப்பட்டு அவர் அடக்கி எழுதியதை, இரண்டு பேர் 'இன்னும் கொஞ்சம் புகழலாமே' என்று திருப்பி வேறு அனுப்பியிருந்தார்கள்.

"பதில் கொடுக்கப் பதினோரு நாள்தான் இருக்கு. 'விதை வெளிவந்தா விதைப்பேன்'னு பக்கத்து விவசாயி யாராவது ஒரு வரி எழுதிக் கொடுத்தாக்கூடப் போதும். இல்லேன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான்."

பக்கத்து விவசாயி என்று இருந்தவர் வெர்லின் ஒருவர்தான். அங்கேதான் சங்கடம். வேலியோரம் வண்டியை நிறுத்தி, "என்ன டாக்டரே, உங்க சோளம் எழுந்து நிக்குதா, இன்னும் உக்காந்தே இருக்கா?" என்று கேட்காமல் அந்த மனிதருக்குப் பொழுது போகாது.

போதாக்குறைக்கு, மூன்று வருடமாகச் சோதனைப் பாத்தியில் முற்றிய கதிர்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. இரவில் வந்து கதிர் தின்னும் ரக்கூன் என்ற காட்டு விலங்குகளின் வேலை என்று வொண்டிமு கூண்டுப் பொறி வைத்தார். காலையில் பார்த்தால் உள்ளே வெர்லினின் நாய். அதற்கும் அவரிடம் வசவு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வேறு வழியில்லாமல், மனைவி ஹிருத் சுட்ட தேன் ரொட்டியோடு அவரைத் தேடிப் போனார்.

அந்தக் கோடையில் சொட்டு மழை இல்லை. ஊரில் பாதிப் பேர் அறுவடை இயந்திரத்தைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. வெர்லின் மட்டும் தன்னுடையதற்கு மும்முரமாகக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த ஒரு வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாப் போதும், மிஸ்டர் வெர்லின்."

வெர்லின் தாளை எட்டப் பிடித்து இரண்டு தரம் படித்தார். ரொட்டியை வாங்கிக்கொண்டு தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"போட மாட்டேன். இது பொய்."

"எனக்கு வேற யாரும் இல்லை. நீங்க போடலேன்னா நாங்க எத்தியோப்பியாவுக்குக் கிளம்ப வேண்டியதுதான்."

"அப்போ அந்தப் பாத்தி?"

"யாரு பார்ப்பா? உழுதுடுவாங்க."

வெர்லின் இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க சர்ச்சுல சத்தியம்கூடப் பண்ண மாட்டோம் டாக்டரே. வாயால சொல்றதே நிஜமா இருக்கணும். பொய்க்குக் கீழே என் பேரைப் போட முடியாது."

ஒரு கையெழுத்துப் போடக்கூடவா இந்த மனிதருக்கு மனசு வராது? வொண்டிமுவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வீட்டுக்குப் போய் அட்டைப்பெட்டிகளில் புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தார்.

பத்தாம் நாள் டோரீனின் அலுவலகத்தில் அவர் உட்கார்ந்திருந்தபோது, கதவைத் தள்ளிக்கொண்டு வெர்லின் வந்தார். தொப்பியைக் கழற்றினார். மடித்த தாள் ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

"நிஜத்தை மட்டும் எழுதியிருக்கேன். கையெழுத்தும் போட்டாச்சு" என்றார், வொண்டிமுவின் முகத்தைப் பார்க்காமல்.

டோரீன் பிரித்து உரக்கப் படித்தார்:

"அதிகாரி அவர்களுக்கு, டாக்டர் வொண்டிமுவின் சோளத்தை இனிமேல்தான் விதைப்பேன் என்று நான் எழுதினால் அது பொய். அவருக்கே தெரியாமல் மூன்று வருடமாக விதைத்து வருகிறேன். முதலில் எடுத்தது ஆறே கதிர். இப்போது மேட்டுக்கு அந்தப் பக்கம் நாற்பது ஏக்கர், இந்த வறட்சியிலும் முழு விளைச்சல். பொறியில் மாட்டிய என் நாய்க்கு இதில் பங்கில்லை. அது எனக்குத் துணைக்கு வந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு வருடமும் இவர் போன வருடத்தைவிட நல்ல சோளமாக விளைவிக்கிறார். இவரை ஊருக்கு அனுப்பிவிட்டால், அடுத்த வருடம் நான் யாரிடம் போய்த் திருடுவது?"