பற்க்கள்

"கேட்டீங்களாக்கா இந்த அநியாயத்தை?"

பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜை முன்னால் அண்ணனும் தம்பியும் மூச்சிரைக்க நின்றார்கள். டோக்கன் கிழித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

"முதல்ல உட்காருங்க. எந்த அநியாயம்?"

அண்ணன் பொரிந்தான். "உங்க கம்ப்யூட்டர்ல ஓடுறது அந்தப் பெரிய கம்பெனி மென்பொருள். அதோட ஒட்டிக்கிட்டு ஓடுற சின்ன ஆப் எங்களுது. பல் காட்ட வர்றவங்களுக்கு முந்தின நாளே ஞாபகப்படுத்தும், வராதவங்க பேரைச் சிவப்புல காட்டும். மூணு வருஷமா அந்தக் கம்பெனிக்காரனோட ஆப் ஸ்டோர்லதான் வச்சு வித்தோம். நல்லா போகுதுன்னு தெரிஞ்சதும், அதையே அவனும் செஞ்சு இலவசமா விட்டுட்டான். ஒரே வாரத்துல பாதிப் பேர் அந்தப் பக்கம் போயிட்டாங்க."

"தற்செயலா ஒரே மாதிரி அமைஞ்சிருக்கலாம்ல?"

"பிழைகூடத் தற்செயலா அமையுமா?" தம்பி போனை நீட்டினான். "அவன் ஆப் அனுப்புற மெசேஜைப் பாருங்க."

'உங்கள் பற்க்களைப் பார்க்க நாளை வாருங்கள்.'

"பற்கள்னுதான் வரணும். நாங்க கூடுதலாப் போட்ட அந்த 'க்'கைக்கூட விடலை, திருட்டுப் பய."

"புகார் கொடுத்தீங்களா?"

"கொடுத்தோம்."

"யார்கிட்ட?"

"அவன்கிட்டதான். ஸ்டோர் அவனோடதாச்சே."

"நல்லா இருக்கு."

"எங்க முதல் வாடிக்கையாளர் நீங்க. அவனுக்கு முன்னாடியே இது எங்ககிட்ட இருந்துச்சுன்னு எழுதிக் கொடுங்கக்கா. இல்லேன்னா கம்பெனியை மூடிட்டு வேலை தேட வேண்டியதுதான்."

அண்ணனுக்கு ஆறவில்லை. "அடுத்தவன் மூளையில விளைஞ்சதை ஒரு வார்த்தை கேட்காம எடுத்துக்கிறதா? இதெல்லாம் ஒரு பொழப்பா?"

"தப்புதான்," என்றாள் அக்கா. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

இழுப்பறையிலிருந்து மூலை மடங்கிய நோட்டு ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தாள். ஏழு வருஷத்துக்கு முந்தைய தேதி. வராதவர்கள் பேரெல்லாம் சிவப்பு மையில். பக்கத்தின் தலையில், போனில் படித்துச் சொல்வதற்காக அவள் கையெழுத்தில் ஒரு வரி:

'உங்கள் பற்க்களைப் பார்க்க நாளை வாருங்கள்.'

"எனக்கு ஒற்றெழுத்து எப்பவும் தகராறுதான் தம்பி. அன்னிக்கு 'சும்மா பார்த்துட்டுத் தர்றோம்'னு இந்த நோட்டை நீங்க பக்கம் பக்கமா போட்டோ எடுத்தப்பவே, பிழையைப் பார்த்துச் சிரிப்பீங்களோன்னு கூச்சமா இருந்துச்சு."

அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து வாயே திறக்காமல் நின்றவர்கள் அவர்கள் இருவராகத்தான் இருக்கும்.

அக்கா பேனா மூடியைக் கழற்றினாள்.

"தாராளமா எழுதித் தர்றேன். முதல்ல இது யார்கிட்ட இருந்துச்சுன்னு போடட்டும்?"