துவைக்காத ஜீன்ஸ்

"வீடு பார்க்கப் போறப்ப இந்தத் தகரத்தைத்தான் மாட்டிக்கணுமா?" என்றாள் அனுபமா.

"தகரமில்லை, ரா டெனிம்" என்றான் சுதர்சன், முழங்காலை மடக்க முடியாமல் ஷூவோடு போராடிக்கொண்டே.

அந்த ஜீன்ஸை வாங்கலாமா வேண்டாமா என்று அவன் பட்ட பாடு ஆபீஸ் முழுக்கத் தெரியும். பித்துப் பிடித்தவர்கள் ஜப்பானிலிருந்து வரவழைக்கிற சமாசாரம் அது. அதையே மாலில் ஒரு பெரிய கடை தன் பெயரிலேயே தைத்து, பனியனுக்கும் சாக்ஸுக்கும் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தது. அசலா, ஊரை ஏமாற்றுகிற வேலையா?

சுதர்சன் வீடியோ வீடியோவாகப் பார்த்தான். கடைக்குப் போய்த் துணியைக் கிள்ளினான், முகர்ந்தான், தையலை உள்பக்கம் திருப்பி அசலுக்கு அடையாளமான ஓரத்துச் சிவப்புக் கோட்டைத் தடவினான். "தாராளமா வாங்கலாம்" என்று தனக்குத் தானே தீர்ப்பு சொல்லி, வாங்கியும் விட்டான். அன்றிலிருந்து, எதையும் ஒரு பார்வையில் எடை போட்டுவிடும் ஆள் தான் என்ற நம்பிக்கை அவனுக்கு வந்திருந்தது.

ஸ்கூட்டரில் வேர்க்க விறுவிறுக்க செகந்திராபாத் மாரெட்பள்ளி போய்ச் சேர்ந்தார்கள். கீழ் வீட்டில் சொந்தக்காரர் சந்தானம், அவர் மனைவி புஷ்பா. மாடிதான் வாடகைக்கு.

"பெரியவருக்குச் சுத்தம்னா உயிர். போன வாரம் வந்தவங்க சுவர்ல கை வெச்சுக்கிட்டே படியேறினாங்கன்னு திருப்பி அனுப்பிட்டார்" என்று புரோக்கர் முன்பே எச்சரித்திருந்தார்.

கூடத்தில் புதுசாக ஒரு வெள்ளை சோபா. அனுபமா நுனியில் ஒட்டிக்கொண்டாள். சுதர்சன் நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்தான்; அந்த ஜீன்ஸ் வேறு விதமாக உட்கார விடாது.

"பேண்ட் என்ன இவ்ளோ விறைப்பா இருக்கு?" என்றார் சந்தானம்.

கேட்கக் கூடாதவனிடம் கேட்டுவிட்டார்.

"ரா டெனிம் சார்! சாயத்துல முக்கின நூலை நெய்து, ஒரு சொட்டுத் தண்ணி காட்டாம அப்படியே தைச்சிடுவாங்க. நாமளும் மாசக்கணக்கா துவைக்கக் கூடாது."

"துவைக்கவே கூடாதா?" சந்தானத்தின் புருவம் நெற்றிக்கு ஏறியது.

அனுபமா அவன் இடுப்பில் கிள்ளினாள்.

"மத்ததெல்லாம் தினமும் துவைச்சிடுவோம் சார்" என்றான் அவசரமாக.

"ஹவ், ஹவ்" என்று சிரித்தாள் புஷ்பா மாமி. ஹைதராபாத்தில் பாதி ஆயுளைக் கழித்தவள்; 'ஆமாம்' என்பதுகூட அந்த ஊர் 'ஹவ்'தான். "காபி கொண்டு வரேன்."

காபி வந்தது. இவர்கள் குடித்து முடித்ததும், "வாங்க, மாடியைக் காட்டறேன்" என்று எழுந்த சந்தானம், சாவியை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினார். சுதர்சனும் எழுந்து வாசலுக்கு நடந்தான்.

பின்னால் 'டமார்' என்று ஒரு சத்தம்.

மாமி கையில் இருந்த டபரா தரையில் உருண்டது. சந்தானத்துக்கு வைத்திருந்த காபி மொத்தமும் சோபாவில், சுதர்சன் உட்கார்ந்திருந்த இடத்தில்.

"கண்ணு எங்கே இருக்கு உனக்கு? வாங்கி ஒரு மாசம்கூட ஆகலை!" மனைவி என்றும் பார்க்கவில்லை, விருந்தாளி என்றும் பார்க்கவில்லை, சந்தானம் கத்தித் தீர்த்தார்.

"கை வழுக்கிடுத்துன்னா. இப்பவே அலசிடறேன்" என்று மாமி தலையைக் குனிந்துகொண்டு சோபா உறையை உருவிச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

நல்லவேளை, நம்ம ஜீன்ஸ் மேல படலை என்று நினைத்துக்கொண்டான் சுதர்சன்.

மாடி பிரமாதமாக இருந்தது. வெளிச்சம், காற்று, தண்ணீர், நடக்கிற தூரத்தில் மகள் மஹதிக்குப் பள்ளிக்கூடம். சந்தானம்தான் கோபம் தணியாமல், "யோசிச்சுச் சொல்றேன்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடை ஓரமாக ஸ்கூட்டரை நிறுத்தினான் சுதர்சன்.

"இந்த வீடு நக்கோ, வேணவே வேணாம்" என்றான்.

"ஏன்? இதைவிட நல்ல வீடு எங்கே கிடைக்கும்?"

"வீட்டை மட்டும் பார்த்தா போதுமா? ஆளுங்களை எடை போட வேணாமா? அந்த அம்மாவுக்குக் கை நடுங்குது. நரம்புல ஏதோ கோளாறு. நான் பார்த்த உடனே கண்டுபிடிச்சிட்டேன். புள்ளைங்க எல்லாம் வெளிநாட்டுலன்னு புரோக்கரே சொன்னார். நாளைக்கு ஒண்ணுன்னா ஆஸ்பத்திரிக்கு யார் தூக்கிக்கிட்டு ஓடறது? நாமதான்!"

"வயசானவங்க, ஒரு தடவை கை தவறிடுச்சு. அதுக்காக..."

"அனு, இதெல்லாம் உனக்குப் புரியாது. எனக்கு ஒரு பார்வை போதும்."

அனுபமாவின் போன் அடித்தது. புஷ்பா மாமி. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அனுபமா, மாமா சரின்னுட்டார். அரை மணி நேரமா மல்லுக்கட்டினேன். நல்ல பிள்ளைகள், வீட்டைச் சுத்தமா வெச்சுப்பான்னு நான் ஜவாப்தாரின்னு சொல்லிட்டேன். நாளைக்கே வந்து சாவியை வாங்கிக்கோங்கோ."

அனுபமா சுதர்சனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று பலமாகத் தலையை ஆட்டினான்.

போனில் மாமியின் குரல் சட்டென்று தணிந்தது.

"இன்னொண்ணும்மா, உன் ஆத்துக்காரர் மனசு நோகாம நீயே பக்குவமா சொல்லு. நாளைக்கு அந்தப் பேண்ட்ல மட்டும் வர வேண்டாம். அவர் எழுந்ததும் பார்த்தேன், வெள்ளை சோபாவில ரெண்டு தொடையும் நீலமா அச்சடிச்ச மாதிரி பதிஞ்சிருந்தது. மாமா திரும்பறதுக்குள்ள எனக்கு வேற ஒண்ணும் தோணலை, அது மேல காபியைக் கொட்டிட்டேன். ஒவ்வொரு தடவையும் கொட்டினா மாமாவுக்குச் சந்தேகம் வந்துடும், பாரு!"