சிக்னல் கேட்டவர்

இதனால் சகல குடிமக்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், மாநகரின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் போக்குவரத்துத் திட்டம், மக்களைக் கேட்டுத்தான் தீட்டப்படும். திருவொற்றியூர் கல்யாண மண்டபத்தில் இரண்டாவது கருத்துக்கேட்புக் கூட்டம். சமோசா உண்டு.

"போன கூட்டத்துல சிறந்த யோசனை சொன்ன மளிகைக்கடை பெனிட்டோ மேடைக்கு வரவும்" என்று அதிகாரி பொன்னாடையைப் பிரித்தார்.

எழுந்து வந்தது அவர் மனைவி சுகிர்தம்.

"அவரு வரலியாம்மா? கடைய மூட மனசு வரலியா?"

அதிகாரிகள் வரிசை சிரித்தது.

"கடைய மூடியாச்சு சார். கன்டெய்னர் லாரி ஓடுற ரோட்ட ஜனங்க தாண்ட சிக்னல் கேட்டாரே, எப்ப வரும்?"

"ஏத்துக்கிட்டாச்சு. மூணாவது கட்டம், 2041."

"இந்த மாசமே வெக்க முடியாதா? எம் பொண்ணுக்கு இஸ்கூலு அந்தாண்ட கீது."

"இது தொலைநோக்குத் திட்டம்மா. வீட்டுக்காரரைக் கொஞ்சம் பொறுமையா இருக்கச் சொல்லுங்க."

"காசிமேட்டுக் கல்லறைல பொறுமையாத்தான் கீறாரு சார். போன கூட்டம் முடிஞ்சு வூட்டுக்கு வர்றசொல்ல, அந்த ரோட்டத்தான் தாண்டினாரு."

அதிகாரி பொன்னாடையை மறுபடி மடித்தார்.

கூட்டம் முடிந்தது. சுகிர்தமும் மற்றவர்களும் லாரிகளுக்குக் கை காட்டிக்கொண்டே அதே சாலையைத் தாண்டி வீட்டுக்குப் போனார்கள்.