ரெண்டு பக்கமும் சிங்கம்

"பாப்பா முழுங்குனது எந்த வருசத்துக் காசும்மா?"

மாடியேறி வந்து வாசலில் நின்ற பாய் கேட்ட முதல் கேள்வியே இதுதான். அஸ்வினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இடுப்பில் ரெண்டு வயது மதுவந்தி. மத்தியானம் தரையில் கிடந்த ஒரு ரூபாயை எடுத்து வாயில் போட்டவள், மூன்று மணியாகியும் ஒரு வாய் பால் இறக்கவில்லை. எச்சில் மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது.

"இப்ப வருசமா பாய் முக்கியம்?"

"எனக்கு முக்கியந்தாம்மா."

கீழே வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அப்துல் வஹீதுக்கு, அரசாங்கம் தப்பாக அடித்து வெளியே விட்டுவிட்ட காசு என்றால் உயிர். அச்சு ஓரமாக விழுந்தது, எழுத்தே விழாதது என்று டப்பா டப்பாவாக வைத்திருக்கிறார். அவர் தலையைக் கண்டாலே பசுமலை டீக்கடைக்காரர் கல்லாவை மூடிவிடுவார். பின்னே? பத்து ரூபாய்க்குச் சில்லறை வாங்கி, அரைமணி நேரம் லென்ஸில் பார்த்து, "சே, எல்லாம் நல்ல காசாவே இருக்கு" என்று வருத்தப்பட்டுத் திருப்பிக் கொடுத்தால்?

சோபாவில் சாய்ந்திருந்த அவள் புருஷன் ஸ்ரீகுமார் சிரித்தான்.

"இவ கத்துறதைக் கேட்டு நீங்களும் ஏறி வந்துட்டீங்களா பாய்? வாழைப்பழம் குடுத்திருக்கு. காலையில தன்னால வந்துரும். நானே சின்னதுல நாலணா முழுங்குனவன்தான்."

"ஊருலயே இவ ஒருத்திதான் பிள்ள பெத்திருக்கா," என்றாள் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்திருந்த நாத்தனார் விஜயம். "போன மாசம் எறும்பு கடிச்சதுக்கு டாக்டர்கிட்ட ஓடுனா."

"என்னங்க, ஒரு எக்ஸ்ரே மட்டும் எடுத்துட்டு வந்துருவோம். எச்சியக்கூட முழுங்க மாட்டேங்கிறா." இது ஆறாவது தடவை.

"ஒத்த ரூபாய்க்கு எக்ஸ்ரேயா? போடீ."

பாய் லென்ஸைச் சட்டையில் துடைத்தார்.

"மாப்ள, நேத்து வாட்ச் பெல்ட்டு மாத்திட்டு மீதி குடுத்தேன்ல? அதுல என் காசு ஒண்ணு மாறி வந்துருச்சு. ரெண்டு பக்கமும் சிங்கம்."

"ரெண்டு பக்கமுமா?"

"ஒண்ணுன்னு போட வேண்டிய பக்கத்துலயும் சிங்கத்தையே அடிச்சுட்டான். கடையையே கவுத்துத் தேடிட்டேன். காணோம்."

"அது எம்புட்டு போகும் பாய்?"

"ரெண்டு லட்சத்துக்குக் கேட்டாங்க. நாந்தான் குடுக்கல."

சோபா காலியானது.

"அடியே, பழத்தைப் பிடுங்குடி பிள்ள கையில இருந்து!" என்று விஜயம் அலறினாள்.

"காலையில வந்தாப் போதாதா பாய்?" ஸ்ரீகுமார் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"வயித்துல ஆசிட் இருக்கு மாப்ள. ஒரு ராத்திரி கெடந்தா சிங்கத்துக்கு மூக்கு போயிரும். மூக்கில்லாத சிங்கத்துக்குப் பாதி வெலைதான்."

ஆட்டோவில் அஸ்வினிக்குக் கான்வென்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த ஜெபம் மட்டும் உதட்டில் தானாக ஓடியது. பக்கத்தில் விஜயம் திருப்பரங்குன்றம் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள், சிங்கத்தின் மூக்குக்காக.

ஆஸ்பத்திரியிலும் அதே கூத்து.

"டாக்டர், எக்ஸ்ரேல சிங்கம் தெரியுமா?"

"என்ன சிங்கம்?"

"ரெண்டு சிங்கம் டாக்டர்."

டாக்டர், குழந்தையை விட்டுவிட்டு ஸ்ரீகுமாரின் கண்ணை உற்றுப் பார்த்தார்.

"முன்னாடி ஒரு படம், பக்கவாட்டுல ஒரு படம் எடுத்துருங்க டாக்டர்," என்று பாய் வேறு நடுவில் நுழைந்தார். அஸ்வினிக்கு அவரைப் பிடித்து வெளியே தள்ளலாம் போலிருந்தது. பச்சைக்குழந்தை எச்சில் முழுங்கத் திணறுகிறது, இந்த மனுசனுக்குக் காசுக்கு முன்பக்கம் பின்பக்கம்!

படம் வந்தது. டாக்டரின் முகம் மாறியது.

"வயித்துக்குப் போகல. தொண்டைக்குக் கீழ உணவுக்குழாய்லயே மாட்டியிருக்கு. உடனே எடுக்கணும். நல்லவேளை, காலையில பாத்துக்கலாம்னு இருந்துறல நீங்க."

அஸ்வினி பிள்ளையைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"காசுல கீறல் விழாதுல்ல?" என்றான் ஸ்ரீகுமார். செலவு எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான்.

ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் தட்டோடு வந்தாள்.

"குழந்தை நல்லா இருக்கு. இந்தாங்க, உங்க காசு."

அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். ஸ்ரீகுமார் காசை இந்தப் பக்கம் திருப்பினான். அந்தப் பக்கம் திருப்பினான். விளக்குக்கு நேரே பிடித்தான்.

"பாய்! மோசம் போயிட்டோம் பாய்! ஒரு பக்கந்தான் சிங்கம் இருக்கு. இது நல்ல காசு!"

பாய் அங்கே இல்லை. அஸ்வினிக்குப் பின்னாலேயே உள்ளே வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். மயக்கம் தெளிந்து சிணுங்கிய மதுவந்தி, அவர் நெற்றியிலிருந்த லென்ஸை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள்.

"உங்க காசு போச்சே பாய்," என்றாள் அஸ்வினி. குரலில் இன்னும் கோபம் இருந்தது.

பாய் சட்டைப்பையிலிருந்து சின்ன பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்ளே ஒரு ரூபாய். திருப்பினார். ரெண்டு பக்கமும் சிங்கம்.

"இது எப்பவும் எங்கிட்டதாம்மா இருக்கு. நீ சொன்னது கீழ கடை வரைக்கும் எனக்குக் கேட்டுச்சு, ஆறு தடவ சொல்லியும் பக்கத்துல இருந்தவுகளுக்குக் கேக்கல. அதான், ஏழாவது தடவ காசையே சொல்ல வச்சேன்."