மூணு மணி வோல்டேஜ்

“டேய் இளம்பரிதி! இது வீடா, பட்டறையா? மனுசன் குடியிருக்க வேணாமா?”

மணி மூன்று. கையில் டீ கிளாஸோடு பூபாலன் மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டார். ஒரு மாதமாகத் தினமும் இதே நேரம், இதே இடம், இதே பாட்டு.

வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இளம்பரிதி சிரித்தான்.

“கொஞ்சம் பொறுத்துக்கங்கணா. ஃப்ரேம் முடிஞ்சா சத்தம் கொறஞ்சிடும்.”

“இன்னாடா ஃப்ரேமு? கூரை இல்ல, கதவு இல்ல. கட்டிலுக்கு டயர் மாட்டின மாதிரி கீது. இதுக்கு இன்னாவோ பேர் சொன்னியே?”

“பக்கிணா. ரோடே வேணாம். கல்லு, மேடு எல்லாம் ஏறும்.”

“நம்ம மலைக்கு முன்னூத்து அறுபத்தஞ்சு படி கீதே, அத ஏறுமா?”

“படியெல்லாம் ஏறாதுணா.”

“அப்புறம் இன்னா வண்டி அது! சரி, நாலரைக்குள்ள முடி. அதுக்கு மேல வெல்டிங் சத்தம் கேட்டுச்சு, மெஷின தூக்கினு பூடுவேன்.”

உள்ளே இருந்த அவன் மனைவி தீபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அவுரு வீட்ல ஆறு தறி ஓடுது. தெருவுல வூட்டுக்கு வூடு தறி. அந்த எரைச்சல்ல நம்ம மிக்ஸி ஓடறதே நமக்குக் கேக்க மாட்டேங்குது. இவுரு நம்மள சொல்றாரு!”

“வுடு தீபா. வேலை வெட்டி இல்லாத மனுசன், பொழுது போகணும்ல?” என்று அடுத்த வெல்டிங் ராடை எடுத்தான்.

அவனுக்குக் கோபப்பட நேரம் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் திருத்தணிக்கே வந்துவிட்டவன் அவன். வீட்டுப் பின்பக்கம் தீபா துணி காயப்போடும் இடத்துக்குத் தகரம் போட்டான். பழைய கட்டில் வேலை மேஜை ஆனது. காயலான் கடையில் ஒரு வேன் இன்ஜின் கிடைத்தது. பட்டறை தயார். துணியெல்லாம் மொட்டை மாடிக்குப் போனது.

நகரி பக்கத்து மாந்தோப்புக்காரர் முரளிதரன்தான் முதல் கிராக்கி. “என் தோப்பு சரிவுல டிராக்டர் ஏறாது நைனா. உன் வண்டி மாங்கா கூடையோட ஏறி எறங்குச்சுன்னா இத நான் வாங்கிக்கறேன். இன்னும் ரெண்டு செஞ்சு குடு” என்றிருந்தார்.

தீபாவும் ஒன்று சொல்லியிருந்தாள். “சரிவுல அது ஏறலன்னா, நீ மறுபடி கம்பெனி பஸ் ஏறிடணும்.”

ஆங் என்று தலையாட்டியிருந்தான். ஆட்டாமல் என்ன செய்ய?

ஆனால் ஆரம்பத்திலேயே சோதனை. அவன் வீடும் பூபாலன் வீடும் தெருவின் கடைசி கரண்ட் கம்பத்தில் இருந்தன. வோல்டேஜ் அங்கே வந்து சேர்வதற்குள் மூச்சு வாங்கிவிடும். ராடு பற்றாமல் பைப்போடு போய் ஒட்டிக்கொள்ளும். அடித்துப் பிடித்து வைத்த வெல்டிங்கும் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் விட்டுப்போகும். அந்த ஃப்ரேமை நம்பி ஆளை உட்காரவைக்க முடியுமா?

லைன்மேன் வரதராஜனிடம் போய் அழாத குறையாகச் சொன்னான். “பாக்கலாம்பா” என்றார் அவர்.

மனுஷன் என்ன மாயம் செய்தாரோ, இரண்டே நாளில் நடந்தது. மூன்று மணி ஆனால் போதும், வோல்டேஜ் கும்மென்று ஏறிவிடும். நாலரை வரை அசையாது. அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் பக்கி வளர்ந்தது. பூபாலனின் திட்டும் கூடவே வளர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, மாந்தோப்பு. பத்துக் கூடையும் பின்னால் தீபாவும் ஏற, பக்கி உறுமிக்கொண்டு சரிவில் கிளம்பியது.

பாதியில் ஒரு பாறை. பின் சக்கரம் ஒன்று அந்தரத்தில் தூக்கிக்கொண்டது. வண்டி மொத்தமும் முறுக்கியது. “முருகா!” என்று தீபா கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது வண்டி மேட்டின் மேல் நின்றது. ஒரு இடத்தில்கூட வெல்டிங் விடவில்லை.

“பலே நைனா!” கீழேயிருந்து முரளிதரன் துண்டைச் சுழற்றினார். “இன்னும் ரெண்டு போடு!”

“நான் ஓட்டறேன், நீ பின்னாடி குந்து!” என்று தீபா அவனைத் தள்ளிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அவள் போட்ட கூச்சலில் தோப்புக் குரங்குகள் மிரண்டு ஓடின. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் இப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் ஸ்வீட் வாங்கினார்கள்.

“பூபாலண்ணா வூட்டுக்கு ஒரு டப்பா?” தீபாவே கேட்டாள்.

“அவுருக்கா? தெனம் திட்டினாரே, அதுக்கா? மொத டப்பா வரதராஜன் சாருக்கு. அவுரு மட்டும் வோல்டேஜ் குடுக்கலன்னா, அந்தப் பாறையிலயே வண்டி ரெண்டா பொளந்திருக்கும்.”

டப்பாவைப் பார்த்து வரதராஜன் முழித்தார்.

“எனக்கு எதுக்குப்பா? நான் ஒண்ணுமே பண்ணலயே. புதுக் கம்பி இழுத்தாத்தான் உங்க வூட்டுக்கு வோல்டேஜ் ஏறும். அதுக்கு இப்பத்தான் எழுதிப் போட்டிருக்கேன்.”

“அப்ப தெனம் மூணு மணிக்கு வந்துதே சார்?”

“அடப்பாவி, பூபாலன் உன்கிட்ட சொல்லவே இல்லயா?” வரதராஜன் சிரித்துவிட்டார். “நீ வந்துட்டுப் போன மறுநாளே வந்தாரு. ‘பக்கத்து வூட்டுப் பையன் வேலைய வுட்டுட்டு வந்து, ராடு பத்தாம அல்லாடிக்கினு கீறான். நான் எத்தினி தறிய நிறுத்தினா அவனுக்கு வோல்டேஜ் ஏறும்’னு கேட்டாரு. நாலு நிறுத்தினா போதும்னேன். ‘எதுக்கு வம்பு’ன்னு தெனம் ஒன்ற மணி நேரம் ஆறையும் நிறுத்திட்டாரு.”