முன் சீட்டு

“இந்தத் தடவை ஏற்காட்டுக்கு நான் முன் சீட்டுலதான் வருவேன்” என்றாள் மேகலா. புகுந்த வீட்டில் எதைக் கேட்டாலும் அதை மட்டும் கேட்காதே என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அது மாமனாரின் இடம். மேகலா இதுவரை கண்ட மலையெல்லாம், பின் சீட்டில் பிள்ளைகள் மாறி மாறி வாந்தியெடுக்க அவள் ஏந்திப் பிடித்த கேரி பேக்தான்.

“டிகிரி முடிச்ச மகாராணிக்குப் பின் சீட்டு குத்துதாக்கும். உங்கப்பன் கார்லயா வளர்ந்தே?” என்றாள் மாமியார்.

“பஸ்ஸுல வளர்ந்தேன் அத்தை. அங்க முதல்ல ஏறினவங்களுக்குத்தான் ஜன்னல்.”

கணவன் காதில் விழாதவன்போல ஸ்டியரிங்கைத் துடைத்தான். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த மாமனார் அசையவில்லை. மேகலா முன்கதவைத் திறந்து, சின்னவனை அவர் மடியில் வைத்து, கேரி பேக்கைக் கையில் திணித்தாள்.

“மலை ஏறினதுமே எடுப்பான் மாமா. வாய்க்கு நேரா பிடிங்க.”

“எங்கம்மா போற?” என்ற பெரியவளுக்குக் கையாட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.